எந்தப் பிரச்சினைக்கு எந்தப் போலீஸ்?



போலீஸ் என்றால் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது காக்கிச் சட்டைதான். அந்தச் சட்டைக்குள் இருப்பவர் எந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவர் என்று நாம் யோசிப்பதில்லை. ஆடு களவு போனாலும், புருஷன் அடித்தாலும், செல்போனில் பணம் போனாலும், பிள்ளையிடம் ஒருத்தன் தப்பாக நடந்தாலும் ஒரே ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறோம். அங்கே இருப்பவர் "இது எங்க கேஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டால், நமக்கு இங்கே நியாயம் கிடைக்காது போல என்று திரும்பி வந்துவிடுகிறோம். யாரிடம் போகணும் என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் பல நேரம் சொல்வதில்லை.

நம்ம கூட்டமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்குநர், பிரதிநிதிகளுக்குப் பயிற்சி வேறு. கணக்கு எழுதுகிறவருக்குப் பயிற்சி வேறு. தொழில் தொடங்கும் உறுப்பினருக்கு நடக்கும் பயிற்சி இன்னொன்று. எல்லாரும் உறுப்பினர்தான், ஆனால் தணிக்கை நாளில் யாரைக் கூப்பிடணும் என்று நமக்குத் தெரியும். போலீஸும் அப்படித்தான் இயங்குகிறது.

கான்ஸ்டபிளாகச் சேருகிறவர் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் இருக்க வேண்டும். காலையில் ஓட்டம், கவாத்து, துப்பாக்கி சுடுதல், பிறகு வகுப்பில் சட்டம், முதலுதவி. நேரடியாக எஸ்.ஐ. ஆகிறவர்களுக்கு வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் இருக்கும் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் ஒரு வருடம். இது எல்லாருக்கும் பொதுவான சோறு. மேலே ஊற்றும் குழம்பு, அதாவது சிறப்புப் பயிற்சி, அதற்குப் பிறகு வருகிறது. பணியிடைப் பயிற்சி என்று அவ்வப்போது கூப்பிடுவார்கள். துப்பறிவதில் கூடுதலாகக் கற்க ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர் போன்ற ஊர்களில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. பொருளாதாரக் குற்றம், கணினிக் குற்றம், குழந்தைகள் வழக்கு என்று ஆளைப் பிரித்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மகளிர் காவல் நிலையம்

தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸில் சேர்ந்தது 1973-ல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள், அவ்வளவுதான் ஆரம்பம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இன்று மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. வரதட்சணைக் கொடுமை, குடும்ப வன்முறை, பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் இவையெல்லாம் அங்கே வருகின்றன.

பக்கத்தில் மகளிர் நிலையம் இல்லை என்றால் நம் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். பாலியல் குற்றம் பற்றி ஒரு பெண் சொல்வதை ஒரு பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், இது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் இது அப்படியே உள்ளது. "லேடி போலீஸ் லீவு, நீ சொல்லு நான் எழுதுறேன்" என்று ஆண் ரைட்டர் சொன்னால், "பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுங்க சார், காத்திருக்கோம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதே சட்டப்படி, விசாரணைக்கு என்று ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகளிர் நிலையம் என்றாலே எல்லாம் சரியாக நடக்கும் என்று இல்லை. குடும்பச் சண்டை என்று போனால் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து சமாதானம் பேசி அனுப்புவதே அதிகம். சின்ன மனத்தாங்கலுக்கு அது நல்லதுதான், நாமும் குழுவில் அதைத்தான் செய்கிறோம். ஆனால் கை ஒடிந்து வந்தவளிடம் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை, அதை அவள் மாமியாரே சொல்லியிருப்பார். அடிபட்டிருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே நடந்ததைச் சொன்னால் அவர்களே போலீஸுக்குத் தகவல் அனுப்புவார்கள். பிறகுதான் பேச்சு.

பிள்ளைகளுக்கு என்று ஒரு அலுவலர்

இது நம்மில் மிகச் சிலருக்குத்தான் தெரியும். 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவராக இருக்கணும், பிள்ளைகளோடு பழகும் மனசும் அதற்கான பயிற்சியும் உள்ளவராக இருக்கணும். மாவட்ட அளவில் சிறார்களுக்கு என்று ஒரு சிறப்புக் காவல் பிரிவு உண்டு. அதற்கு டி.எஸ்.பி. அல்லது அவருக்கு மேல் உள்ளவர் தலைவர். அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண்.

பிள்ளையிடம் பேசுவதற்கு எதற்குப் பயிற்சி என்று தோன்றும். இருக்கிறது, சகோதரிகளே. பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி "அவன் உன்னை இப்படிப் பண்ணானா?" என்று கேட்டால், பயந்த பிள்ளை தலையாட்டிவிடும். நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் "போலீஸ் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறது" என்பார். பயிற்சி எடுத்தவர் அப்படிக் கேட்க மாட்டார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு கண்ணு, நீயே சொல்லு" என்று விட்டுவிட்டு, பிள்ளை எந்த வார்த்தையில் சொல்கிறதோ அதே வார்த்தையில் எழுதுவார். பிள்ளை ஒரு உறுப்புக்கு வீட்டில் பழகிய பேரைச் சொன்னால் அதையே எழுதுவார், தன் பாஷைக்கு மாற்ற மாட்டார். நின்று நின்று சொன்னால் அவசரப்படுத்த மாட்டார். ஒரே கதையை நாலு பேர் நாலு தடவை கேட்டுப் பிள்ளையை வாட்டக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம்.

2012-ல் வந்த போக்சோ சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் யூனிஃபார்மில் வரக் கூடாது. அப்பா, அம்மா, அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். குற்றம் செய்தவன் கண்ணில் பிள்ளை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. பெண் பிள்ளை என்றால் மருத்துவப் பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும். ஜீப்பில் காக்கிச் சட்டையோடு தெருவில் வந்து இறங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு அந்தக் குடும்பம் வழக்கையே வேண்டாம் என்று சொல்லிவிடும். சாதா உடுப்பில் வரச் சொன்ன சட்டத்துக்கு அர்த்தம் இதுதான்.

பிள்ளை காணாமல் போனாலும் இதே அலுவலரைத்தான் கேட்க வேண்டும். "ஒரு நாள் பாத்துட்டு வாங்க" என்ற பேச்சு செல்லாது. 18 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை காணவில்லை என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. நாலு மாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. மில் வேலைக்கு என்று புரோக்கர் கூட்டிப்போன பெண்ணிடமிருந்து போனே வரவில்லை என்றாலும் கேட்க வேண்டிய இடம் அந்தப் பிரிவுதான். குழந்தை உதவி எண் 1098, ராத்திரி பகல் எப்போதும்.

பணம் போனால்

நம் உறுப்பினர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பணம் போவது இரண்டு வகை. ஒன்று, நாமே கொண்டுபோய்க் கட்டுவது. இன்னொன்று, செல்போன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போவது. இரண்டுக்கும் போலீஸ் வேறு.

மாதம் இவ்வளவு வட்டி, ஆறு மாதத்தில் இரட்டிப்பு, கட்டினால் தங்கக் காசு, இப்படிச் சொல்லி வசூல் பண்ணிவிட்டு ஓடும் நிறுவனங்களைப் பார்க்க பொருளாதாரக் குற்றப் பிரிவு என்று தனிப் பிரிவு 2000-ல் அமைந்தது. 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமு கோழி என்று லட்சம் லட்சமாகக் கட்டி ஏமாந்தார்களே, அந்த மாதிரி வழக்குகள் இங்கேதான் போகின்றன. இங்கே இருக்கும் போலீஸ் லத்தியை விட லெட்ஜரைத்தான் அதிகம் தொடுகிறார்கள். வசூலான பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, அங்கிருந்து யார் பேரில் நிலமானது, யார் பேரில் காரானது என்று தாளைப் பார்த்துத் தேடுவதுதான் அவர்கள் பயிற்சி. நம் சீட்டும், பாண்டும், ரசீதும் அவர்களுக்கு ஆயுதம். "அண்ணன் மேல நம்பிக்கை, ரசீது வாங்கல" என்றால் அந்தப் போலீஸுக்கும் கை கட்டிப் போகும்.

இவர்கள் பயன்படுத்துவது 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். 10 வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் நமக்குத் தண்டனையை விட முக்கியம், நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட வருவாய் அலுவலர் மூலம் அது நடக்கும். சென்னை, மதுரை, கோவையில் இதற்குத் தனி நீதிமன்றங்கள் உள்ளன. வருடக்கணக்கில் இழுக்கும், முழுப் பணமும் வராமல் போகலாம். பட்டியலில் பேர் இல்லாதவருக்கு எப்போது பணம் வந்தாலும் பங்கு இல்லை. "எல்லாரும் கொடுத்திருக்காங்க, நான் ஒருத்தி கொடுக்காட்டி என்ன" என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.

அடுத்தது செல்போன். ஒரு ஊரில் குழு உறுப்பினர் ஒருவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் "பேங்கிலிருந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது" என்று போன் வந்தது. வந்த நம்பரைச் சொல்லிவிட்டார். சுழல் நிதிக்கு என்று சேர்த்து வைத்த பணம் போனது. திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தார். அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அங்கிருந்து மூன்றாவது என்று தாவி, வேறு மாநிலத்தில் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது.

சைபர் குற்றப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் அன்று ராத்திரியே 1930 என்ற எண்ணுக்குப் பேசியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்கள். நாம் சொல்லும் விவரத்தை அவர்கள் கணினியில் ஏற்றியதும், பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்குத் தகவல் போகும். அந்தப் பணம் இன்னும் அங்கே இருந்தால் எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். தாவிவிட்டால் அடுத்த பேங்குக்குத் தகவல் ஓடும். பணத்துக்கும் தகவலுக்கும் நடக்கிற ஓட்டப் பந்தயம் இது. நாம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் மிஞ்சும். பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: பேங்க் பேர், கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, பணம் போனதாக வந்த மெசேஜில் உள்ள நீளமான எண். அந்த மெசேஜை அழிக்கக் கூடாது. ஏமாற்றியவனிடம் சண்டை போட்டு அவன் நம்பரை பிளாக் பண்ணுவதெல்லாம் அப்புறம்.

பிறகு மாவட்டத் தலைநகரில் இருக்கும் சைபர் குற்றக் காவல் நிலையம். ஊர் ஸ்டேஷனில் "இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்று சொன்னால் அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறைந்தவர் புலனாய்வு செய்யக் கூடாது. ஆனால் புகாரை வாங்கி வைக்க இன்ஸ்பெக்டர் தேவையில்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களின் போட்டோவை மாற்றிப் போட்டு மிரட்டுகிற கடன் ஆப் விவகாரமும் இதே இடம்தான். வெட்கப்பட்டு மறைத்தால் மிரட்டல் கூடத்தான் செய்யும்.

கைரேகை, மோப்ப நாய், மற்றவர்கள்

வீட்டில் திருட்டுப் போனால் நம் வழக்கம் என்ன? ஊரே உள்ளே வரும். பீரோவைத் திறந்து பார்க்கும், மூடும், சிதறிக் கிடக்கும் துணியை மடித்து வைக்கும். போலீஸ் வரும்போது வீடு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். கைரேகை நிபுணர் எஸ்.ஐ. தேர்விலேயே தனியாக எடுக்கப்படுகிறவர், அறிவியல் பட்டம் படித்தவர். அவர் பவுடர் தூவிப் பார்க்கும்போது திருடன் ரேகைக்கு மேல் பத்து சொந்தக்காரர் ரேகை இருந்தால் அவர் என்ன செய்வார்? மோப்ப நாய்க்கும் இதே கதி. நாயும் அதைப் பார்க்கும் காவலரும் மாதக்கணக்கில் சேர்ந்தே பழகியவர்கள், நாய் காதை ஆட்டினால் அவருக்கு அர்த்தம் தெரியும். ஆனால் ஐம்பது பேர் மிதித்த வாசலில் எந்த வாசத்தைப் பிடிக்கும்? கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருங்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

சாதியைச் சொல்லித் தாக்கிய வழக்கு என்றால் 1995-ம் வருட விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். ஏட்டு வந்து விசாரித்துவிட்டுப் போனால் அது விசாரணை ஆகாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ போலீஸோடு ஆர்.டி.ஓ. விசாரணையும் உண்டு. தாய் வீட்டார் தங்கள் பக்கத்தை அவரிடம் சொல்லலாம். கள்ளச்சாராயத்துக்கு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல் உயிர் போனதை நாம் மறக்கவில்லை. கோயில் சிலைத் திருட்டுக்கு 1983-ல் தொடங்கிய தனிப் பிரிவு, கடலோரத்துக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று இன்னும் பல உண்டு.

பயிற்சி எடுத்தவர் இல்லை என்றால்?

இங்கேதான் சிக்கல். குழந்தைகள் நல அலுவலராகப் பயிற்சி எடுத்தவர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வந்தவர் பேர் பலகையில் இருக்கும், பயிற்சி இருக்காது. மகளிர் நிலையத்தில் இருப்பவர்களைத் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நாம் மாற்ற முடியாது. ஆனால் கேட்டுத் தெரிந்து வைக்கலாம். உங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் போய், "எங்க ஸ்டேஷனில் குழந்தைகள் நல அலுவலர் யாருங்க?" என்று கேட்டு, பேரையும் நம்பரையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் போனால் அவர்களும் நிதானமாகப் பேசுவார்கள்.

எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும், எல்லை தங்களுடையது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்தவுடன் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. ரசீது, மனு வாங்கியதற்கு அடையாளம், அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான், அதன் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். போட மறுத்தால் நடந்ததை எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181.

நம் வீட்டுப் பெண்களும் போகலாம்

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 157. வயது 18 முதல் 26 வரை, பிற்பட்டோருக்கு 28, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 31. அறிவிப்பு வரும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பெண் தொழில்நுட்ப எஸ்.ஐ. தேர்வு எழுதலாம், பி.எஸ்சி. படித்தவர் கைரேகை எஸ்.ஐ. தேர்வு எழுதலாம். ஓட்டத்துக்குப் பயந்து ஒதுங்குகிற பெண்கள் அதிகம். விடிகாலையில் ஏரிக்கரையில் நாலு பேர் சேர்ந்து ஓடிப் பழகினால் ஆறு மாதத்தில் அந்தப் பயம் போய்விடும்.

ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வயது வரை வாய்ப்பு உண்டு, பெண்களுக்கான இடங்களில் 3 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு. சிறு வயதில் தாலி இழந்து, பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சகோதரிகள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இதைப் போடுங்கள். அதற்கு ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேண்டும், ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர் கொடுப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று விசாரணை முடிந்து கைக்கு வர நாள் பிடிக்கும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல் இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.